அடியேன் என்னும் சொல்லும் ஆன்மாவின் மதிப்பும்

தாமிரவருணிக் கரையில் எம்பெருமானைச் சேவிக்கக் கூடும் அன்பர்களில் மாஞ்சோலை மலையினின்று இறங்கி வருவோரும் உண்டு. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்னும் எஸ்டேட்டுகளில் தலைமுறை தலைமுறையாகத் தேயிலைக் கொழுந்து பறித்தவர்கள் அவர்கள். சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929-இல் 99 ஆண்டுக் குத்தகைக்குப் பெற்ற அந்நிலத்தில், தவணை முடிய நான்காண்டுகள் இருக்கும்போதே, 2024-இல் கம்பெனியார் விருப்ப ஓய்வு என்று சொல்லித் தொழிலாளரை விடுவித்தனர். பறித்த கொழுந்தின் எடையே ஒரு நாளின் மதிப்பு என்று பழகிய கைகள் வெறுங்கைகளாயின. 'இனி நான் எதற்கு ஆவேன்?' என்னும் ஏக்கம் அந்நிலையில் எவருக்கும் எழும்.

அத்தகையோர் திருக்கோயிலுக்கு வந்தால், இங்கும் 'அடியேன்', 'நீசன்' என்றே தம்மைச் சொல்லிக்கொள்ளக் காண்கிறார்கள். முன்பே தாழ்ந்து கிடப்பவனைச் சமயமும் தாழ்த்துவதா என்று ஒருவர் கேட்டால், அதனை நாஸ்திக வாதம் என்று தள்ளிவிடுதல் முறையாகாது.

அடியேன் என்பது விலையின்மையைச் சொல்லும் சொல் அன்று. உரிமையைச் சொல்லும் சொல். ஆன்மா எம்பெருமானுக்கே உடைமை என்பது ஸ்ரீராமாநுஜ தரிசனத்தின் உயிர்நிலை. உடைமையின் மதிப்பை உடையவன் அன்றோ அறிவான்? அவன் திருமார்பில் திகழும் கௌஸ்துப மணி ஜீவாத்மாவின் அடையாளம் என்கிறது விஷ்ணுபுராணம். திருவடியில் கிடப்பதாக நாம் எண்ணும் ஆன்மாவை அவன் மார்பில் அணிந்திருக்கிறான்!

நைச்சியம் என்பது பெருமாள் திருமுன்பு தன்னைக் குறித்துத் தானே சொல்வது. பிறரைப் பார்த்து 'நீ நீசன்' என்பதற்கு அதில் இடமே இல்லை. அடியாரின் பிறப்பை ஆராய்வது கொடிய அபசாரம் என்று ஸ்ரீவசனபூஷணத்தில் பிள்ளை உலகாசிரியர் கண்டிக்கிறார். நாவினால் அடியேன் என்று சொல்லிப் பிறரைக் குனியச் செய்வோர் நம்மிடையே இருந்ததும் இருப்பதும் வெட்கத்துக்குரியது. உழைப்புக்குரிய கூலியைக் கேட்பதும் நைச்சியத்துக்கு முரண் அன்று. 1999 ஜூலை 23-இல் மாஞ்சோலைத் தொழிலாளருக்காக நெல்லையில் ஊர்வலம் வந்தோரில் 17 பேர், போலீஸ் தடியடியின்போது இதே தாமிரவருணியில் மாண்டனர். அவர்களைப் பணிவில்லாதவர்கள் என்று சொல்ல எந்த வைஷ்ணவனுக்கும் நா எழலாகாது.

இதற்குச் சான்று தேடி நெடுந்தூரம் போகவேண்டுவதில்லை. மாஞ்சோலை இருக்கும் களக்காடு முண்டந்துறைக் காட்டுக்குள்ளேதான் மலைநம்பி சந்நிதியும் இருக்கிறது. அம்மலையின் அடிவாரத்தில் திருக்குறுங்குடி. அவ்வூர் நம்பியைப் பாடிய பாணர் குலத்து அடியவர், தம் குலத்தார்க்கு விதித்த எல்லையில், கோயிலுக்கு வெளியே நின்றே வீணையுடன் பாடிவந்தார். பெற்றோர் இட்ட பெயரால் அவரை எவரும் வழங்குவதில்லை. பெருமாள் உரிமை கொண்டாடிய 'நம்பாடுவான்' என்பதே அவர் திருநாமம். அவர் காண்பதற்காகக் கொடிமரம் விலகிற்று என்பது அத்திருத்தலத்து ஐதீகம்.

கைசிக ஏகாதசி இரவில் பாடச் சென்றவரை ஒரு பிரம்மராக்ஷசன் பற்றிக்கொண்டான். 'பாடிவிட்டு வந்து உனக்கு இரையாவேன்' என்று பல சபதங்கள் செய்து சென்றார், பாடினார், திரும்பினார். நம்பியே முதியவர் வேடத்தில் வழிமறித்துத் தப்பிப்போகச் சொல்லியும் வாக்குத் தவற இசையவில்லை. உடலைக் கொடுக்க அவருக்குத் தயக்கமே இல்லை. ஆனால் ராக்ஷசனோ, 'உன்னைத் தின்னேன், விட்டுவிடுகிறேன். பாடிய பாட்டின் பலனைக் கொடு' என்று பேரம் பேசத் தொடங்கினான். அங்கேதான் அவர் மறுத்தார். பராசர பட்டர் வியாக்கியானம் அருளிய கைசிக புராணத்தில் நான் மிகவும் போற்றும் கட்டம் இதுவே. உயிரைத் துரும்பாக எண்ணியவர், தம் பாட்டைத் துரும்பாக எண்ணவில்லை. ஊரார் வெளியே நிறுத்திய ஒருவரிடம், பேரம் பேசி வாங்க இயலாத பொருள் ஒன்று இருந்தது. அது தம்மிடம் இருப்பதை அவரும் அறிந்திருந்தார்.

பேரம் முடிந்து அழுகை தொடங்கிய பிறகே நிலைமை மாறிற்று. தான் முற்பிறவியில் சோமசர்மா என்னும் அந்தணன் என்றும், வேள்வியில் பிழை செய்து இவ்வுருப் பெற்றதாகவும் சொல்லி ராக்ஷசன் அவர் காலில் விழுந்தான். அவர் இரங்கினார், அன்றிரவு பாடிய கைசிகப் பண் ஒன்றின் பலனை மட்டும் அளித்தார். அந்தணன் சாபம் நீங்கினான். கார்த்திகை மாதத்து அவ்விரவில் திருக்குறுங்குடிச் சந்நிதியில், 1999-இல் புத்துயிர் பெற்ற கைசிக நாடகத்தில், அந்தப் பாணர் மீண்டும் எழுந்து நின்று பாடுகிறார். அன்பர்கள் விடியும்வரை கண்விழித்துக் கேட்கிறார்கள்.