யார் கணக்கில்?

கீழப்பழுவூர் சின்னசாமி, இந்தித் திணிப்பை எதிர்த்து 1964 ஜனவரி 25 அன்று திருச்சியில் தீக்குளித்து இறந்தபோது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. வீட்டில் மனைவி, சின்னக் குழந்தை. மொழிப்போர் தியாகிகள் நாளில் ஆண்டுதோறும் அவர் பெயரைச் சொல்கிறோம், சொல்லத்தான் வேண்டும். ஆனால் அந்த மனிதரை மதிப்பது வேறு, அந்த வழியை இளைஞர்களுக்குக் காட்டுவது வேறு. 1968-ல் சட்டமன்றம் இருமொழிக் கொள்கையை ஏற்றதென்றால், அதற்குப் பின்னால் மாணவர் ஊர்வலங்கள், சிறைக்குப் போய்த் திரும்பியவர்கள், 1967 தேர்தலின் வாக்குச்சீட்டுகள். பெரும்பாலும் உயிரோடிருந்தவர்கள் செய்த வேலை. அதனால்தான் பிறருக்காக ஒன்றை விட்டுக்கொடுக்கும்முன் நான் பார்ப்பது இரண்டு: நாளைக்கும் கொடுக்க என்னிடம் ஏதாவது மிஞ்சுமா? இதற்கு என் வீட்டில் விலை கொடுக்கப்போவது யார், அவரிடம் கேட்டாயிற்றா?