உத்தரவுக்குக் காத்திருந்த விடுதலை

பழைய தென்னார்க்காட்டு மாவட்டத்தில் நஞ்சை இருந்த இடமெல்லாம் மண்ணோடு கட்டப்பட்ட ஆட்களும் இருந்தார்கள். சிதம்பரம் பகுதியில் கொள்ளிடக் கரையிலும் வீராணம் ஏரிப் பாசனத்திலும் நாற்றுப் பறித்து, நட்டு, அறுத்து, களத்தில் நெல்லடித்த கைகள் பெரும்பாலும் பறையர்களுடையவை. அவர்களில் பலர் மிராசுதாரின் உடைமையாகவே கருதப்பட்டனர். நிலம் கைமாறும்போது ஆளும் கைமாறினான். சில வேளைகளில் நிலம் இங்கேயே இருக்க, ஆள் மட்டும் விலைபோனான்.

மனிதனை ஓலையில் எழுதி வாங்கும் வழக்கம் இந்த மண்ணுக்குப் பழையது. திருவெண்ணெய்நல்லூர்ச் சபையில் சுந்தரர்மீது ஆளோலை நீட்டப்பட்ட கதையைப் பெரியபுராணம் சொல்கிறது. 1201ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் ஒரு வேளாளர் தம் இரு மகள்களோடு 110 காசுக்குக் கோயிலுக்குத் தம்மை விற்றுக்கொண்டதைத் திருப்பாம்புரம் கல்வெட்டு பதிந்து வைத்திருக்கிறது. 17ஆம் நூற்றாண்டில் கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினத்தில் டச்சுக்காரர்களின் பண்டகசாலை இருந்தது. சோழமண்டலக் கரையில் பஞ்சமும் போரும் வந்த ஆண்டுகளில் அவர்கள் ஆயிரக்கணக்கான மனிதர்களை வாங்கிக் கப்பலேற்றினார்கள். பசி முற்றிய காலத்தில் கையெழுத்தான இந்த விற்பனைகளைச் சம்மதம் என்று சொல்ல முடியாது.

அடிமைமுறை தீது என்பதில் 19ஆம் நூற்றாண்டின் பிரிட்டிஷ் ஆட்சியாளர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. அதை ஒழித்தால் நாடு கலங்குமே, வருவாய் குறையுமே என்ற அச்சம்தான் அவர்களைப் பிரித்தது. கலகத்துக்கு அஞ்சி நீதியைத் தள்ளிப்போடலாமா என்பதே இங்கே எடைபோட வேண்டிய அறக்கேள்வி.

1833இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் இந்தக் கேள்வி வெளிப்படையாகவே எழுந்தது. 1837 ஏப்ரல் 12ஆம் தேதிக்குள் இந்தியாவில் அடிமைமுறை முடிவுக்கு வர வேண்டும் என்று கிழக்கிந்தியக் கம்பெனியின் புதிய சாசன மசோதா முதலில் சொன்னது. பிரபுக்கள் சபையில் வெலிங்டன் கோமகனும் எல்லன்பரோ பிரபுவும் எதிர்த்தனர். இந்திய ஆட்சி கையில் நிற்க வேண்டுமானால் இதில் மெல்லக் கைவைக்க வேண்டும் என்பது வெலிங்டனின் வாதம். தேதி நீக்கப்பட்டது, அடிமைகளின் நிலையைத் தணிக்க வழி காணுமாறு கவர்னர் ஜெனரலுக்குச் சொல்லும் மென்மையான வாசகம் மட்டும் மிஞ்சியது. அதே ஆண்டு பிற காலனிகளுக்கென வந்த அடிமை ஒழிப்புச் சட்டம், கம்பெனி ஆண்ட பகுதிகளை விலக்கி வைத்தது. அந்தக் காலனிகளில் இரண்டு கோடி பவுன் இழப்பீடு ஒதுக்கப்பட்டது, அதுவும் எஜமானர்களுக்கு. உழைத்தவனுக்கு ஒரு காசும் இல்லை.

அமெரிக்காவில் இதே அச்சம் வேறு முடிவுக்கு இட்டுச்சென்றது. 1820, 1850 என்று தெற்கும் வடக்கும் உடன்படிக்கை செய்துகொண்டன. 1850இன் உடன்படிக்கை, தப்பியோடிய அடிமையைப் பிடித்துக்கொடுக்க வட மாநிலத்தாரையும் கட்டாயப்படுத்தியது. வெள்ளையர் இரு தரப்பும் சமாதானமாக இருக்கக் கறுப்பர்கள் தங்கள் உடலால் விலை கொடுத்தார்கள். 1857இல் டிரெட் ஸ்காட் வழக்கில் உச்ச நீதிமன்றம் கறுப்பர்கள் குடிமக்களாக முடியாது என்றது. 1860இல் அதிபர் தேர்தலில் லிங்கன் வென்றார். 1861 ஏப்ரலில் போர் மூண்டது. ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட வீரர்கள் மாண்டனர். தள்ளிப்போட்டதால் போர் தவிர்ந்துவிடவில்லை, பெருத்தது.

சென்னை மாகாணத்தில் போர் வரவில்லை. எல்லன்பரோ கவர்னர் ஜெனரலாக இருந்த 1843இல் ஐந்தாம் சட்டம் வந்தது. ஒருவரை அடிமை என்று கோரும் உரிமையை நீதிமன்றங்கள் இனி ஏற்காது என்று அது சொன்னது. யாரையும் விடுவிக்கவில்லை, அடிமை வைத்திருப்பதைக் குற்றமாக்கவும் இல்லை. மனிதரை அடிமையாக வாங்குவதும் விற்பதும் தண்டனைக்குரியதானது 1860இன் இந்தியத் தண்டனைச் சட்டத்தில்தான். ரத்தம் சிந்தாமல் முடித்த இந்த வழியைப் பக்குவம் என்று புகழ்ந்தவர்கள் உண்டு. உயிர்ச்சேதம் இல்லை என்பது சிறிய நன்மை அல்ல. அதை மறுப்பது நேர்மையும் ஆகாது. ஆனால் சிதம்பரத்து நஞ்சையில் என்ன மாறியது என்றும் பார்க்க வேண்டும். குடியிருந்த மனைகூட ஆண்டையுடையது என்றால், கோர்ட்டு தன்னை அடிமையாகக் கருதாது என்ற செய்தியை வைத்துக்கொண்டு ஒருவன் எங்கே போவான்?

போக முடியாதபடி கடன் பிடித்துக்கொண்டது. 1859இன் ஒப்பந்த மீறல் சட்டம், முன்பணம் வாங்கி வேலைக்கு வராத தொழிலாளியைத் தண்டிக்க இடம் தந்தது. 1916இல் சென்னைப் பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் தம் மாணவர்களைக் கொண்டு கிராமங்களை ஆராயத் தொடங்கினார். தென்னார்க்காட்டு இருவேல்பட்டில் அவர் கண்ட படியாட்கள், கல்யாணச் செலவுக்கு வாங்கிய கடனால் ஆண்டையிடம் பரம்பரையாகக் கட்டுண்டவர்கள். அப்பன் வாங்கிய கடனை மகன் உழுது கழித்தான். 1843இன் சட்டம் வந்து எழுபது ஆண்டுகள் கடந்திருந்தன.

இந்த நிலையைச் சட்டப் புத்தகங்களைவிடத் தெளிவாகக் காட்டுவது கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரம். அமெரிக்கப் போர் நடந்துகொண்டிருந்த 1860களின் தொடக்கத்தில் அது அச்சேறியது. பெரியபுராணத்தில் சேக்கிழார் பாடிய நந்தனாருக்கு, அதாவது திருநாளைப்போவாருக்கு, ஆண்டை கிடையாது. பாரதியின் நந்தன் வேதியர் ஒருவரின் பண்ணையாள். சிதம்பரம் போய்வர உத்தரவு கேட்டு அவர் காலில் விழுகிறான். நாற்பது வேலிப் பயிர் விளைந்து முடிந்தால் போகலாம் என்கிறார் வேதியர். ஆண்டைக்கு ஒரு மரக்கால் நெல்லும் குறையாமல் கிடைத்தால்தான் ஆளுக்கு விடுதலை என்ற இந்த நிபந்தனையே 1833இல் லண்டனிலும் மேலோங்கியது. நந்தனுக்காகத் தெய்வம் ஓரிரவில் பயிரை விளைவித்தது. மற்றவர்களுக்கு அப்படி நடக்கவில்லை. சுவாமி சகஜானந்தர் 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் பெயரிலேயே பள்ளி தொடங்கியபோது, உத்தரவு கேட்கத் தேவையில்லாத ஒரு வாசலைத் திறந்தார்.

அமைதி காத்தவர்களுக்கு நீதி தானாக வந்து சேரவில்லை என்பதற்குக் கொள்ளிடமே சாட்சி. தஞ்சையில் பண்ணையாட்கள் செங்கொடிச் சங்கத்தில் திரண்டு போராடிய பிறகு, 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் தஞ்சை மாவட்டத்துக்கு வந்தது. கலகம் வரும் என்ற அதே அச்சம், முன்பு நீதியைத் தடுத்தது, இப்போது அதைத் துரிதப்படுத்தியது. இரண்டு முறையும் அஞ்சியவர்கள் ஆள்பவர்களும் நிலமுடையோரும்தான். ஆற்றின் வடகரையில், அதே நெல்லை அதே முறையில் விளைவித்த சிதம்பரம் வட்டத்துப் பண்ணையாட்கள் அந்தச் சட்டத்தின் எல்லைக்கு வெளியே நின்றார்கள். கடனுக்காக ஆளைக் கட்டிவைப்பதை நாடு முழுவதும் ஒழித்த கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976இல் நிறைவேறியது. 1833இன் மசோதாவிலிருந்து நீக்கப்பட்ட தேதி அதற்கு 139 ஆண்டுகளுக்கு முந்தியது.