யாருடைய கோயில்?

"சாமி, உங்க கோயில் ஒழுகுது."

ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன், ஓர் ஐப்பசி மழைநாளில், கிளைப்பங்கு ஒன்றின் உபதேசியார் நம்மிடம் வந்து சொன்ன சொற்கள் இவை. கூரை ஒழுகியது நமக்குப் பெரிதாகப் படவில்லை. 'உங்க கோயில்' என்ற சொல்லே நெஞ்சில் தைத்தது.

அவ்வூர், கூலிவேலை செய்து பிழைக்கும் எளிய மக்களின் குடியிருப்பு. முன்பு அங்கே ஓர் ஓலைக்கோயில் இருந்தது. ஆண்டுதோறும் திருவிழாவுக்கு முன் ஆண்கள் பனையோலை வெட்டி வந்து கூரை வேய்வர். பெண்கள் தரையைச் சாணமிட்டு மெழுகுவர். அதனை அவர்கள் 'எங்க கோயில்' என்றே அழைத்தனர். பணியேற்றுச் சென்ற நமக்கோ அந்த ஓலைக்கூரை பெருங்குறையாகத் தோன்றிற்று. வெளிநாட்டு நண்பர்களுக்கு எழுதினோம். நகரத்து நல்மனத்தாரிடம் கையேந்தினோம். ஒப்பந்தக்காரர் ஒருவரை அமர்த்தினோம். பதினான்கு மாதங்களில் கான்கிரீட் ஆலயம் எழுந்தது. வருவோர் கண்ணில் படவேண்டுமென்று வாயிலை நெடுஞ்சாலை நோக்கி வைத்தோம். சலவைக்கல்லில் நன்கொடையாளர் பெயர்களைப் பொறித்தோம். ஊர் மக்களில் ஒருவர் பெயரும் அதில் இல்லை; கல் சுமந்த கூலியாட்களும் வெளியூரிலிருந்து வந்தவர்களே. அவ்வாறிருக்க, ஒழுகிய கோயில் யாருடையது?

ஏழைகள் நடுவே ஆலயம் எழுப்புகையில் வழக்கமாக எழும் வினா வேறு: பசித்தவனுக்குத் தேவை சோறா, கல்லும் சுண்ணாம்புமா? இது புறந்தள்ளத்தக்க வினா அன்று. 4-ஆம் நூற்றாண்டில் மிலான் நகர் ஆயராக விளங்கிய புனித அம்புரோஸ், போரில் சிறைப்பட்டோரை மீட்கும்பொருட்டு ஆலயத்தின் திருக்கலங்களையே உருக்கினார். குறைகூறியோரிடம், பொன்னைக் காப்பதினும் மனிதரைக் காப்பதே திருச்சபைக்கு ஏற்றது என்னும் கருத்தில் விடையிறுத்தார். உயிர் ஒன்று தவிக்கையில் கோபுரம் காத்திருக்கலாம். இதில் நமக்கு ஐயமில்லை.

ஆயினும் அவ்வினாவுக்குள் ஒரு கண்ணியும் மறைந்துள்ளது. பெத்தானியாவில் மரியா ஆண்டவரின் பாதங்களில் நறுமணத் தைலம் பூசியபோது, அதனை முந்நூறு தெனாரியத்துக்கு விற்று ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்று கணக்குப் பார்த்தவன் யூதாசு. ஏழைக்குச் சோறு போதும், அழகு வேண்டியதில்லை என்று முடிவு கட்ட நாம் யார்? குனிந்தே நுழைய வேண்டிய குடிசையில் வாழ்வோர் நிமிர்ந்து நிற்கும் இடம் கோயில்தான். அங்கேதான் அவர்தம் மகளுக்கு மாலை மாற்றுகின்றனர். அங்கிருந்துதான் தந்தையை இறுதியாக வழியனுப்புகின்றனர். ஆகவே கட்டலாமா, கூடாதா என்பதன்று வினா. கட்டப்படுவது எவர் உள்ளத்தின் உருவம் என்பதே வினா.

இவ்வினாவைக் கேளாமல் கட்டினால் என்ன நேரும் என்பதற்கு நம் தமிழ்த் திருச்சபையின் வரலாறே சான்று. திருநெல்வேலிப் பகுதியின் வடக்கன்குளத்தில் 1872-இல் எழுந்த ஆலயம், ஒரே பீடத்தை நோக்கிய இரு தனிக்கூடங்களாக, கால்சட்டையின் இரு கால்கள் போல் அமைக்கப்பட்டது. உயர்சாதியினர் எனப்பட்டோர் ஒரு கூடத்தில், ஏனையோர் மறு கூடத்தில். பலியோ ஒன்று, அதில் பங்கேற்றோர் நடுவே சுவர்! 1910-இல் அப்பிரிவினை அகற்றப்பட்டது. அதனை எதிர்த்த வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்று தோற்றது. வழிபாட்டில் தனி மனிதருக்கோ சமூகப் பிரிவுக்கோ சிறப்பிடம் கூடாது என்று இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் 1963-இல் கற்பித்தது. எனினும் கல்லறைத் தோட்டங்களில் அச்சுவரை இன்றும் காக்கும் ஊர்கள் நம்மிடையே உண்டு என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்ள வேண்டும்.

வடக்கன்குளத்தைப் பழிப்பது எளிது. நாம் கல்லால் சுவர் எழுப்பவில்லை. ஆனால் கொடுப்போர் ஒருபுறம், பெறுவோர் மறுபுறம் என்று கண்ணுக்குப் புலப்படாத சுவர் ஒன்றை எழுப்பிவிட்டோம். ஒரு மக்களுக்கு ஆலயத்தைக் கொடுத்து, அதனை ஆக்கும் உரிமையை அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டோம். அன்பின் பெயரால் செய்தமையால் அது தவறு என்று நமக்குத் தெரியவுமில்லை.

பின்னர் மற்றொரு சிற்றூரில் கோயில் கட்டும் வாய்ப்பு வந்தது. இம்முறை அடிக்கல்லுக்கு முன் ஈராண்டுகள் காத்திருந்தோம். குடும்பத்துக்கு இத்தனை நாள் உழைப்பு என்று ஊரே கூடி முடிவு செய்தது. ஞாயிறுதோறும் திருப்பலி முடிவில் உபதேசியார் வரவுசெலவைப் படித்தார். பெண்கள் எழுந்து கேள்வி கேட்டனர். வாயில் சாலையை நோக்கவேண்டும் என்றோம். முதியவர் ஒருத்தி மறுத்தார்: "ரோட்டுல போறவுகளுக்கா சாமி கோயிலு? எங்க தெருவப் பாத்து வைங்க." அவ்வாறே வைத்தோம். வெளியார் உதவியையும் நாம் மறுக்கவில்லை. ஆனால் அது அவர்கள் உழைப்புக்குத் துணையாக வந்தது, மாற்றாக அன்று. முதற்கோயிலைவிட அது சிறியது. சுவரும் சற்றுக் கோணல்.

சில ஆண்டுகளுக்குப்பின் ஒரு மழைக்கால ஞாயிறன்று அங்கே திருப்பலிக்குச் சென்றோம். பீடத்துக்கு மேலே கூரையில் ஈரம் உலராத புதுப்பூச்சு தென்பட்டது. ஒழுகியிருக்கிறது, பூசியிருக்கிறார்கள். நமக்கு எவரும் சொல்லவில்லை. அன்று நன்றி மன்றாட்டின்போது நம் குரல் தழுதழுத்தது ஏன் என்பது அம்மக்களுக்குத் தெரிந்திராது.