மறைப்பதற்கு என்ன இருக்கிறது?

“குற்றம் செய்யாதவன் ஏன் அஞ்ச வேண்டும்? பொலிசார் என் கைத்தொலைபேசியைத் தாராளமாகப் பார்க்கட்டும்” என்று சொல்வோர் நம்மிடையே பலர். நேர்மையாக வாழ்பவர்களே பெரும்பாலும் இப்படிப் பேசுகிறார்கள். 2019ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பிலும் ஆலயங்களில் சிந்திய இரத்தத்தை நினைப்பவர் அப்படிக் கேட்பதில் நியாயமும் உண்டு.

ஆனால், அன்பார்ந்த வாசகரே, அந்தத் தொலைபேசியில் இருப்பவை உங்கள் விடயங்கள் மட்டுந்தானா? கணவனோடு மனம் முறிந்த தங்கை இரவில் எழுதியது அதில் இருக்கிறது. நண்பனின் நோய், மைத்துனரின் கடன், மகள் தாய்க்கு மட்டும் சொன்னது எல்லாம் இருக்கின்றன. உங்களை நம்பி ஒப்படைத்தவற்றைப் பிறருக்குத் திறந்துகாட்ட அவர்கள் உங்களுக்கு அனுமதி தந்தார்களா?

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட ‘இன்றைய உலகில் திருச்சபை’ என்னும் ஏட்டின் 26ஆம் எண், உணவு, உடை, உறையுள் ஆகியவற்றோடு ஒரே வரிசையில் அந்தரங்க வாழ்வின் பாதுகாப்பையும் மனிதனின் உரிமையாக வைக்கிறது. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 220ஆம் சட்டமும் அதையே காக்கிறது. (மனைவியின் தொலைபேசியைக் களவாகப் பார்க்கும் கணவன்மாரும் இதைக் கவனித்தல் நன்று.)

அப்படியானால் கள்வனைப் பிடிப்பது எவ்வாறு? அமெரிக்காவில் டெட்ரொயிற் நகர்ப்புறத்தில் கடைகளைக் கொள்ளையிட்ட வழக்கொன்றில், கார்ப்பென்டர் என்பவரின் 127 நாள் நடமாட்டத்தைப் பொலிசார் தொலைபேசி நிறுவனங்களிடமிருந்து பெற்றனர். மொத்தம் 12,898 இடப்பதிவுகள். நாளொன்றுக்குச் சராசரி நூற்றுக்கு மேல். நீதிமன்றக் கட்டளை ஒன்று இருந்தது. ஆனால் தேடுதல் ஆணைக்கு வேண்டிய அளவு வலுவான காரணத்தை அந்தக் கட்டளைக்குக் காட்ட வேண்டியிருக்கவில்லை. இது போதாது, பொதுவாகத் தேடுதல் ஆணையே வேண்டும் என்று 2018இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. கொள்ளையர் தப்பினாரா? இல்லை. பொலிசார் அன்றைய சட்டத்தை நல்லெண்ணத்தோடு நம்பி நடந்தனர் என்று கூறி, 2019இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தண்டனையை உறுதிசெய்தது. அவசர ஆபத்தில் ஆணையின்றிச் செயற்படவும் உயர் நீதிமன்றம் இடம்விட்டிருந்தது. மற்ற வேளைகளில், “இன்னாரை இன்ன காரணத்துக்காகத் தேடுகிறோம்” என்று ஒரு நீதிபதிக்கு முன்னால் பொலிசார் எடுத்துக்காட்ட வேண்டும். கேட்கப்படுவது இவ்வளவே.

உயிர்த்த ஞாயிறு விடயத்திலும் தகவலுக்குக் குறைவிருக்கவில்லை. எச்சரிக்கைகள் முன்கூட்டியே கிடைத்திருந்தன. அவற்றின்மீது செயற்படத் தவறியமைக்காக நமது உயர் நீதிமன்றம் 2023 ஜனவரியில் முன்னாள் சனாதிபதியையும் உயர் அதிகாரிகளையும் பொறுப்பாளிகளாகக் கண்டது.

நமது 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகள் அத்தியாயத்தில் அந்தரங்க உரிமை தனி உறுப்புரையாக எழுதப்படவில்லை. அரசியலமைப்பு மாற்றம் பற்றி மக்கள் கருத்துக் கேட்கப்படும் வேளையில், நமது பங்குச் சபைகளும் இதனை எழுத்தில் கொடுக்கலாம்.