மிச்சம் பிடிப்பவன் யார்?

சின்னக் கார் ஒன்று வாங்கலாமென்று போயிருந்தேன். "கியர் நீங்கள் போடுகிறீர்களா சார், அதுவே போட்டுக்கொள்ளட்டுமா?" என்று கேட்டான் கடைப் பையன்.

எண்ணெய் வழியே சக்தியைக் கடத்திய பழைய தானியங்கி வண்டிகள் பெட்ரோலைக் குடித்தன. இப்போது சின்னக் கார்கள் பலவற்றில் அதே பழைய கியர்ப் பெட்டிதான். கிளட்சை விடுவதையும் கியர் தள்ளுவதையும் நமக்குப் பதில் ஒரு யந்திரம் செய்கிறது. 2014-ல் மாருதி செலேரியோ இப்படி வந்தபோது, இரண்டு வகைக்குமே லிட்டருக்கு 23.1 கிலோமீட்டர் என்றார்கள். (சோதனைக்கூடத்துக் கணக்கு; நம் தெருக் கணக்கு அல்ல.)

செலவில் வித்தியாசமில்லை. என் சங்கடம் வேறு. கையால் கியர் போடும் வண்டியில் ஓர் அம்புக்குறி தோன்றி, 'மேல் கியருக்குப் போ' என்கிறது. கேட்கலாம், கேளாமலும் இருக்கலாம். சிக்னலில் எஞ்சின் தானே அணையும் வசதியும் பல வண்டிகளில் உண்டு. அதை வேண்டாமென்று தடுக்க ஒரு பொத்தானும் உண்டு! என் நண்பர் ஒருவர், பெட்ரோல் விலையைத் திட்டாத நாளில்லை, வண்டியைக் கிளப்பியதும் அந்தப் பொத்தானைத்தான் அமுக்குவார். எஞ்சின் நின்றால் குளிர்ச்சியும் குறைந்துவிடுகிறதாம்.

சிரித்தேன். ஆனால் எல்லாவற்றையும் யந்திரமே பார்த்துக்கொண்டால், மிச்சமாகும் பெட்ரோலுக்கு நான் எப்படிப் பெருமைப்படுவது? தப்பு செய்ய வழியிருந்தும் செய்யாதவனைத்தானே யோக்கியன் என்கிறோம்?

வீட்டில் இதைச் சொன்னேன். "உங்கள் யோக்கியதை இருக்கட்டும். இடது முழங்காலுக்குத் தினம் தைலம் தேய்க்கிறவள் நானல்லவா?" என்றாள் மனைவி.

தானே கியர் மாற்றும் வண்டிக்குத்தான் முன்பணம் கட்டியிருக்கிறேன். அந்தப் பொத்தான் அதிலும் இருக்கிறது.