வைத்தியக் கல்வியும் ஏழையின் வாசலும்

உபகாரச் சம்பளத்துக்குப் பொருளுதவி செய்த வர்த்தகர் ஒருவர் மனம் நொந்து நம்மிடம் கேட்டார்: "பிள்ளை டாக்டராகிவிட்டான், சந்தோஷம். டாக்டரே இல்லாத ஊருக்குப் போ என்றால் மட்டும் ஏன் முகத்தைச் சுளிக்கிறான்?"

நன்றி கெட்டவன் என்று ஏசிவிட்டுப் போவது எளிது. ஆனால், பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில், எல்லாக் கருவிகளும் கைக்கெட்டும் இடத்தில் ஐந்தாறு ஆண்டுகள் அவனைப் பழக்கியது யார்? அப்படிப் பழக்கிவிட்டு, ஒன்றுமில்லாத ஊருக்குப் போ என்கிறோம். அவனைத் தடுப்பது ஆணவமன்று, அச்சமே என்பது நம் எண்ணம்.

நம்மவர் வியாபாரம் கற்றது எங்ஙனம்? கடைப்பையனாய்ச் சேர்ந்து, மூட்டை தூக்கி, வாடிக்கைக்காரரின் முகமறிந்து, அதன் பிறகே கல்லாவில் அமர்ந்தோம். விலை நிலவரம் அன்று தந்தியில் வந்தது. இன்று கைத்தொலைபேசியில் வருகிறது. வாடிக்கைக்காரரை அறிவதோ என்றும் நேரில்தான்.

இந்த நியாயத்தை வைத்தியக் கல்வியில் செய்து காட்டியது கனடா நாட்டின் வட ஒன்டாரியோ வைத்தியக் கல்லூரி. 2005ஆம் ஆண்டு 56 மாணவர்களுடன் அது தொடங்கிற்று. அப்பகுதியின் பரப்பு சுமார் 8 லட்சம் சதுர கிலோமீட்டர். மக்கள் தொகையும் ஏறக்குறைய 8 லட்சமே. சட்பரி, தண்டர் பே என்னும் இரு நகரங்களிலும் கல்லூரி உண்டு. இடையே சாலை வழியாகச் சுமார் 1,000 கிலோமீட்டர். ஆகவே பாடங்களிற் பல திரைவழியே போகின்றன. மாணவரோ முதலாண்டிலேயே 4 வாரம் பூர்வகுடி மக்களின் ஊரில் தங்கி, அவர்களுடைய வாழ்க்கையைக் கற்க வேண்டும். மூன்றாம் ஆண்டில் 8 மாதம் ஓர் ஊரில் குடியிருந்து, அங்குள்ள குடும்ப டாக்டருடன் நோயாளிகளைக் காண வேண்டும். 8 மாதமென்றால், கர்ப்பிணியாய் வந்தவள் கைக்குழந்தையுடன் திரும்பி வருவதையும் அதே மாணவர் பார்க்கக்கூடும்!

திரைவழிக் கல்வியும் நேர்ப்பயிற்சியும் கலந்த முறை என்றதும், ஆளை வீட்டிலேயே உட்கார வைத்துச் செலவைக் குறைக்கும் தந்திரம் என்று பலர் நினைக்கின்றனர். இங்கே நடப்பது நேர்மாறு. பாடம் பயணம் செய்வதால் மாணவர் வகுப்பறையை விட்டு ஏழையின் வாசலுக்குப் போக முடிகிறது.

இனி, நம் மனத்தை உறுத்தும் கேள்வி. பணக்காரருக்குத் தேர்ந்த டாக்டர், ஏழைக்குப் பழகும் பையனா? ஏழையின் உடம்பென்ன, எழுதி அழிக்கும் சிலேட்டா? நேயர்களே, இதைத் தட்டிக் கழிக்கலாகாது. பட்டணத்து ஆஸ்பத்திரியிலும் தர்ம வார்டு நோயாளியிடமே மாணவர்கள் காலங்காலமாகப் பழகி வந்தனர் என்பதையும் மறைக்கலாகாது. அங்கே நோயாளி ஒரு படுக்கை எண். சிற்றூரிலோ, காலையில் பார்த்தவரை மாலையில் கடைத்தெருவில் சந்தித்தாக வேண்டும். தவறிழைத்தால் அவர் முகத்தில் விழித்தாக வேண்டும். கடனுக்குச் சரக்கு வாங்கியவர் அதே தெருவில் குடியிருப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதுமட்டும் போதாது. பக்கத்தில் அனுபவமுள்ள டாக்டரும், திரையில் நிபுணரும் இருந்தே ஆகவேண்டும். இல்லையேல் அது சேவையன்று, பரிசோதனை. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் 2003இல் தொடங்கிய எக்கோ திட்டத்தை இங்கே குறிப்பிடுவோம். சிற்றூர்களிலும் சிறைச்சாலைகளிலும் உள்ள மருத்துவப் பணியாளர்கள், பல்கலைக்கழக நிபுணர்களைத் திரைவழி கலந்து ஹெபடைடிஸ் சி நோய்க்குச் சிகிச்சை செய்தனர். 2011இல் வெளியான ஆய்வின்படி, கிருமி நீங்கியவர்கள் பல்கலைக்கழக மருத்துவமனையில் 57.5 சதவிகிதம், வெளியிடங்களில் 58.2 சதவிகிதம். அவர்கள் மாணவரல்லர், தகுதி பெற்ற பணியாளர்கள்தாம். ஆயினும், தூரத்து ஊரென்றால் வைத்தியம் மட்டமாகத்தான் இருக்கும் என்ற சாக்கு இனிச் செல்லாது.

ஆகவே உபகாரச் சம்பளம் கேட்டு வரும் பிள்ளையிடம் மதிப்பெண்களை மட்டும் பார்த்தால் போதுமா? சேரும் கல்லூரி அவரை எந்த ஊரில், எத்தனை மாதம் தங்க வைக்கிறது, அங்கே அவர் அருகில் யார் இருப்பார் என்றும் விசாரிக்க வேண்டாமா?

குறைப்பட்டுக்கொண்ட வர்த்தகரிடம் இவற்றையெல்லாம் சொன்னோம். சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, "அந்த மாதிரி ஊரில் ஒரு பிள்ளை தங்க அறை வாடகை என்ன ஆகும்?" என்று கேட்டார்.