மூலநிரலும் பிராமாணியமும்

வெப்அசெம்ப்ளி என்பது எந்தக் கணினிக்கும் தனியே உரியதாகாத, ஏட்டளவில் வகுக்கப்பட்ட ஓர் எந்திரத்துக்கான கட்டளைத் தொகுதி. அக்கட்டளைகளை மெய்யான கணினியில் நடத்தித் தரும் மென்பொருள் ரன்டைம் எனப்படும். வாஸ்ம்டைம் என்னும் ரன்டைமை, 1964இல் அறிமுகமான சிஸ்டம்/360இன் வழிவந்த ஐபிஎம் இசட் மெயின்ஃபிரேமில், பிறர் ஆக்கிவைத்த கோப்பை ஏற்காமல் மூலநிரலிலிருந்தே ஆக்கிக்கொள்பவர் எதை உறுதியாக அறிகிறார் என்னும் வினா, இந்திய அளவையியல் நெடுங்காலம் வாதிட்ட ஒன்றே.

ரஸ்ட் மொழியில் எழுதப்பட்ட வாஸ்ம்டைமின் மூலநிரலை வரி விடாமல் படித்தாலும், அதை எந்திரக் கட்டளையாக மாற்றும் ரஸ்ட் கம்பைலரை நம்பியாக வேண்டும். அதுவும் ரஸ்ட் மொழியிலேயே எழுதப்பட்டிருப்பதால் தன் முந்தைய பதிப்பால் ஆக்கப்பட்டது. கம்பைலரில் ஒளித்த சூது, மூலநிரலில் தடயமே இன்றி அடுத்தடுத்த பதிப்புகளுக்குத் தொற்ற முடியும் என்பதைக் கென் தாம்சன் 1984இல் வெளியான தம் டூரிங் விருது உரையில் விளக்கினார். ஒன்றை நிறுவ மற்றொன்று என முடிவின்றிப் பின்செல்லும் இக்குற்றத்தை அளவையியலார் அனவஸ்தை என்பர்.

மீமாம்சகரான குமாரிலபட்டர், அறிவு தன்னளவிலேயே செல்லுபடியாகும், அதை மறுக்கும் வேறோர் அறிவு எழுந்தால் மட்டுமே வீழும் என்று கொண்டு இதைத் தவிர்த்தார், இக்கொள்கையே சுவதப்பிராமாணியம். நியாய நெறியினரான நையாயிகர் இதற்கு உடன்படவில்லை. கானலை நீரென்று கண்டவர் அருகே சென்றால் தாகம் தீராது. ஆகவே செயற்பட்டுப் பயன் கண்ட பின்னரே அறிவின் செல்லுபடி தெளியும் என்றனர்.

மெயின்ஃபிரேம் நையாயிகரைச் சங்கடப்படுத்துகிறது. வெப்அசெம்ப்ளியின் நினைவகத்தில் ஓர் எண்ணின் சிறுமதிப்புடைய பைட்டே முதலில் நிற்க வேண்டும். இசட்டின் வழக்கமோ பெருமதிப்புடையதை முதலில் வைப்பது. இன்டெல் கணினியின் வரிசை வெப்அசெம்ப்ளியின் வரிசையோடு ஒத்துப்போவதால், வரிசையைக் கருதாமல் எழுதிய நிரலும் அங்கே ஆண்டுக்கணக்கில் சரியாக ஓடும். அதாவது, பயன் கண்டும் பிழை தெளியாது. அதே நிரல் இசட்டில் 1 என்னும் நான்கு பைட் எண்ணை 1,67,77,216 என்று படிக்கும். (பைட்டுகளைத் திருப்பிப் படிக்கும் கட்டளை இசட்டில் உண்டு; ஆகவே திருத்துவது கடினமன்று, காண்பதே கடினம்.) பிழை தெரியும்வரை நம்பு என்னும் குமாரிலர் வழியே பொறியாளரின் நடைமுறைக்கு நெருக்கமானது. ஆயினும் மூன்று நான்கு அறிவுகளுக்கு மேல் தேட வேண்டியதில்லை என்று அவர் வகுத்த எல்லை இங்கே போதாது; மறுப்பு தானாக வரும் என்று காத்திராமல், அது எழக்கூடிய எந்திரத்தைத் தேடிச் செல்ல வேண்டியிருக்கிறது.

தாம்சன் சொன்ன சூதுக்கு இந்தத் தேடலும் மருந்தன்று, ஏனெனில் இசட்டுக்கென ரஸ்ட் திட்டம் வழங்கும் கம்பைலரே இன்டெல் வகைக் கணினியில் ஆக்கப்பட்டு அங்கு வந்து சேர்கிறது.